றமீஸா மெம்பர் தூக்கிய கை

நாலந்தாவில் பஸ்ஸை விட்டு இறங்கி மூக்கைக் கேட்டால் போதும், றமீஸாவின் மில்லுக்கு அது வழி காட்டிவிடும். ஒரு மெஷினில் கொச்சிக்காய் என்கிற மிளகாய், மற்றதில் அரிசி மா. காலையிலிருந்து தும்மல் சத்தம் ஓயாத இடம் அது. அந்தத் தூசிக்கு நடுவில் முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, வருகிறவர்களோடு கதைத்துக்கொண்டு நிற்பவள்தான் றமீஸா. ஊரில் இப்போது அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு: மெம்பர்.

மெம்பராக வேண்டும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பெரியும்மாவின் மகன் ஷிஹாம் நானா பிரதேச சபைத் தேர்தலுக்குச் சுயேச்சைக் குழு ஒன்று போட்டார். பட்டியலில் பெண்கள் பெயர் குறைந்தது. மில்லுக்கு வந்து, "பேர மட்டும் தா றமீஸா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். சின்னம், தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தில்.

மேலே இருக்கிற தோட்டத்துத் தலைவர் மாரிமுத்து வேறு கட்சி. போன சபையிலும் மெம்பராக இருந்தவர். லொறியில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு றமீஸாவின் மில் வாசலிலேயே வந்து நின்று, "கேத்தில் தனியாக் கொதிக்குமாங்க? கீழ அடுப்பு வேணுமுங்க, அடுப்பு!" என்று முழங்கினார். மா அரைக்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். றமீஸாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த நாள் கூட்டத்தில், "மாரிமுத்து அண்ணன் மெம்பரா இருந்து செஞ்ச ஒரே வேல, கழுத்த நீட்டி மாலை வாங்கினதுதான்" என்று ஒரு போடு போட்டாள். அதற்கு அவருடைய லயத்து வரிசை வீடுகளிலேயே சிரித்தார்களாம்.

தேர்தல் முடிந்தது. கேத்திலுக்கு ஒரே ஓர் ஆசனம், அது றமீஸாவுக்கு. மாரிமுத்துவின் கட்சிக்கும் ஒன்றுதான். பெரிய கட்சிகள் இரண்டும் சபையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார, ஒற்றை ஆட்களுக்குக் கடைசி வரிசை. அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பாருங்கள், இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. காலை எட்டேகால் பஸ்ஸும் ஒன்றுதான். மூன்று மாதம் ஒரு வார்த்தை இல்லை. அவர் ஜன்னலைப் பார்ப்பார், இவள் கைப்பையைப் பார்ப்பாள்.

றமீஸாவின் மனசில் இருந்தது ஒன்றே ஒன்று, உடைந்த மதகு. போன மாரி மழையில் ஊருக்குள் போகிற பாதையின் மதகு, ஓடைக்கு மேலிருந்த அந்தச் சின்னப் பாலம், பிளந்து போனது. அதற்கு அங்கால் எண்பது வீடு. ஆட்டோ போகாது. பிள்ளை பெற இருந்த நஸ்மியாவை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தண்ணீருக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளை தப்பியது அல்லாஹ்வின் கருணை. வோட்டுக் கேட்கப் போனபோது அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு றமீஸா, "அல்லாஹ்வுக்காகச் சொல்றேன், மதக சபையில பாஸ் பண்ணி எடுப்பேன்" என்று சொல்லிவிட்டாள். யாரும் கேட்காமலே கொடுத்த வாக்கு. கார்த்திகை மாதத்து பட்ஜெட்டுக்கு முன்னால் பாஸாகாவிட்டால் இன்னொரு வருஷம் போய்விடும்.

சபையில் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் ஒரு பிரேரணையைக் கொண்டு வந்தால் இன்னொருவர் கையைத் தூக்கி அதை வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் வாக்கெடுப்பே இல்லை, அப்படியே செத்துப் போகும். நிக்காஹ்வுக்குச் சாட்சி வேண்டும் என்கிற மாதிரித்தான். ஒற்றை ஆளுக்கு யார் வழிமொழிவது? றமீஸா எழும்பி மதகைப் பற்றிச் சொன்னாள். சபையை நடத்துகிற தவிசாளர் சிங்களத்தில், "ஸ்திர கரன்னே கவுத?" என்று கேட்டார். வழிமொழிவது யார்? ஒரு கை எழும்பவில்லை. கேத்திலுக்கு எதற்கு நல்ல பேர் என்று இரண்டு பக்கமும் மேசையைப் பார்த்தது. மாரிமுத்து கூரையைப் பார்த்தார். அடுத்த மாதமும் அப்படியே.

மூன்றாவது மாதம் மாரிமுத்துவின் முறை. லயத்துக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி வேண்டும் என்று பேசி உட்கார்ந்தார். "ஸ்திர கரன்னே கவுத?" சபை வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மேலே ஃபேன் காற்றில் றமீஸாவின் புது முக்காடு வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. பதறிப்போய் கையைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஆ, றமீஸா மெம்பர்" என்றார் தவிசாளர். செயலாளர் எழுதிவிட்டார்.

றமீஸா 'இல்லை சேர், முக்காட்டைத்தான் தூக்கினேன்' என்று சொல்ல வாய் திறந்தாள். அப்போது புஷ்பவதி ஞாபகத்துக்கு வந்தாள். மேல் லயத்துப் புஷ்பவதி, கிழமைக்கு ஒரு தரம் மா அரைக்க வருபவள். தண்ணீருக்கு வரிசையில் நின்று நின்று வேலைக்குப் பிந்துகிற கதையை அவள் சொல்லாத கிழமை இல்லை. தண்ணீர் கொடுப்பது பெரிய சதகா, பெரிய தர்மம் அல்லவா? அதற்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? திறந்த வாயை மூடிக்கொண்டாள். வழிமொழிந்த பிறகு, தண்ணீர் வேண்டாம் என்று வெளிப்படையாகக் கை தூக்க யாருக்கும் முகம் இல்லை. பாஸாகிவிட்டது.

அன்று பின்னேரமே ஷிஹாம் நானா மில்லில் நின்றார்.

"என்னத்துக்கு றமீஸா அந்தாளுக்குக் கை தூக்கின? ஸ்பீக்கர் போட்டு எங்கள நக்கலடிச்ச மனுசன். எங்கட ஆக்கள்ட மொகத்துல நான் எப்பிடி முழிக்கிற?"

"தண்ணிக்கு எப்பிடி நானா இல்லண்டு சொல்ற?"

"அப்ப அவர் மதகுக்கு ஏன் சும்மா இருந்தார்?"

நானா கொச்சிக்காய்த் தூளில் நான்கு தும்மல் தும்மிவிட்டுக் கோபத்தோடு போனார்.

அதைவிடக் கஷ்டம், அடுத்த நாள் புஷ்பவதி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது. "றமீஸா அக்கா, எங்க சனமெல்லாம் ஒங்களத்தான் பேசுறாங்க. சாமி மாதிரி கை தூக்குனீங்களாம்." றமீஸா கூசிப் போனாள். செய்யாத நன்மைக்கு நன்றி வாங்குவது பொய்தானே? தொழுகையில் நின்றாலும் அதுவே உறுத்தியது. மாரிமுத்து அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால், மதகுக்கு எழும்பக்கூடிய ஒரே கையும் எழும்பாமல் போகலாம். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்து நாள். பட்ஜெட்டுக்கு முன் அதுதான் கடைசி. எட்டேகால் பஸ்ஸில் மாரிமுத்து நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். றமீஸா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணன், நான் அண்டைக்கு ஒங்களுக்குக் கை தூக்கல்ல. முக்காடு வழுக்கிச்சு, அதப் புடிச்சேன். அவ்வளவுதான். ஹக்க, உண்மைய மறைக்கக் கூடாதுண்டு சொல்றேன்."

மாரிமுத்து சிரித்தார்.

"பக்கத்துலதானே தங்கச்சி ஒக்காந்திருந்தேன்! எனக்குத் தெரியாதா? 'இல்ல'ன்னு சொல்லிருவீங்கன்னு மூச்சப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க சொல்லல. கை தானா மேல போச்சுன்னு வச்சுக்குவோம். வாய மூடுனது நீங்கதானே?"

றமீஸா வழுக்காத முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நாந்தான் ரெண்டு மாசம் கூரையப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அந்த மால கத இருக்கே, அது கொஞ்சம் சுட்டுருச்சு."

"அந்த அடுப்புக் கதையும் சுட்டதுதான்."

"சரி, ஒக்காருங்க. பஸ்ஸு ஆடுது."

சபையில் அவள் மூன்றாவது தடவையாக மதகைப் பற்றிச் சொல்லி முடித்தாள். தவிசாளர் வழக்கம் போலக் கேட்டார். மாரிமுத்து கையை மட்டும் தூக்கவில்லை, எழும்பியே நின்றார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். காலையில் பஸ்ஸில் சொன்ன முக்காட்டுக் கதை எப்படியோ சபைக்குள் பரவியிருக்க வேண்டும். "மாரிமுத்து, அது கையா, சால்வையா?" என்று தவிசாளர் கேட்க, முன் வரிசைகள் இரண்டும் சேர்ந்து சிரித்தன.

"கைதான் சேர். சால்வைய எறக்கி வச்சிட்டேன், பாருங்க."

சிரித்த வாயோடு யாரால் எதிர்க்க முடியும்? ஒவ்வொன்றாகக் கைகள் எழும்பின. செயலாளர் எண்ணினார். மதகு பட்ஜெட்டுக்குப் போனது.

உட்காரும்போது மாரிமுத்து மெதுவாக, "கேத்திலு கொதிச்சிருச்சு போல" என்றார். றமீஸா, "அல்ஹம்துலில்லாஹ், அடுப்பு நல்ல அடுப்பு" என்றாள்.

ஷிஹாம் நானா இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. ஆனாலும் மதகை அளக்க ஆட்கள் வந்த அன்று, நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

றமீஸா இப்போது சபைக்குப் போகும்போது முக்காட்டுக்கு இரண்டு ஊசி குத்திக்கொள்கிறாள். கேட்டால், "இனி நான் கை தூக்கினா அது கையா இரிக்கோணும்" என்பாள்.