ஜீப்பை எத்தனை இஞ்ச் உயர்த்துவது

எங்கள் தோட்டம் காங்கேயம் பக்கம். தார்ச்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் மண்தடத்தின் குறுக்கே ஒரு வாய்க்கால் மேடு. ஜீப்பின் முன்சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கும்போதெல்லாம் அடிப்பாகம் நங்கென்று இடிக்கும். போன மழையில் தடம் அரித்துப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து டிராக்டர்தான் இழுத்துவிட்டது. டிராக்டர்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "வண்டிக்கு வவுறு எறங்கிப் போச்சுங்க. காலை நீட்டி உடுங்க" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துவிட்டது. வீடிருக்கும் வீரபாண்டிக்குத் திரும்பி வந்து பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கொஞ்சம் நீளமாக மாற்றினால் வண்டி உயரும் என்று தெரிந்தது. எத்தனை இஞ்ச் என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. சாயப்பட்டறை வைத்திருக்கும் என் நண்பர், "ஏத்துனா நாலு இஞ்ச் ஏத்தோணும். இல்லீன்னா பேசாம ஸ்கூட்டர்ல போயிரோணும்" என்றார்.

உண்மையில் அந்த வண்டி என் மனைவிக்காகத்தான் ஓடுகிறது. தோட்டத்து மாடுகள் அவளுடையவை. எங்கள் பனியன் கம்பெனிக்கு விடுமுறை என்றால் அவளுக்கு மாட்டைப் பார்த்தாக வேண்டும். ஆனால் கம்பெனி நாலு மிஷினாக இருந்த காலத்திலிருந்து ஓவர்லாக் தையல் மிஷினை மிதித்து மிதித்து அவளுக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இப்போதுள்ள உயரத்துக்கே மூச்சுப் பிடித்துத்தான் ஏறுகிறாள். கை கொடுத்தால் தட்டிவிடுவாள்.

"ஏனுங்க, ஏத்தி ஏத்தி, கடைசில என்னைய துணி பண்டலாட்ட நாலு பேரு தூக்கிப் போடறதுங்களா? என்னால ஏற முடியாத வண்டி எனக்கு வேண்டாம். மாட்டை வித்துப்போடலாம்" என்றாள்.

மாட்டை விற்கிறேன் என்று அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அவிநாசிபாளையம் போகும் வழியில் ஒரு ஒர்க்ஷாப். மெக்கானிக் தெளிவானவர். மேடு தாண்ட இரண்டு இஞ்ச் போதும் என்றார். நான் மூன்று என்றேன். இரண்டு போதுமென்று எனக்கும் தெரியும்தான். ஆனால் பனியன் துணியைத் துவைத்தால் சுருங்கும் என்று கூட்டி வெட்டியே பழகிய கை. ஸ்பிரிங்கும் பாரம் ஏறினால் ஒரு இஞ்ச் அமுங்கும் என்று கூட்டிவிட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஏனுங்ணா, ஸ்பிரிங்கை என்ன துவைச்சா காயப் போடறோம்? ஒரு நகத்தளவு அமுங்குமுங்க, அவ்வளவுதான். மூணு போட்டா மூணாவேதான் நிக்கும். வளைவுல ஆடும், அடியில ஜாயிண்ட்டு சீக்கிரம் போயிரும்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் தொழிலில் சாம்பிள் போட்டுப் பார்க்காமல் எதையும் வெட்டுவதில்லை. அதைச் சொன்னேன். அதற்கென்ன என்று நாலு சக்கரத்துக்கும் அடியில் மூன்று இஞ்ச் கனத்தில் மரப்பலகைகளை வைத்து வண்டியை ஏற்றி நிறுத்தினார். அடுத்த நாள் அவளை அழைத்துப் போனேன்.

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து இடது காலைப் படியில் வைத்தாள். எம்பினாள். வலது கால் தரையை விட்டு எழவில்லை. மறுபடி எம்பினாள். பிறகு படியிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல், "சரிங்க, நீங்களே போயிட்டு வாங்க" என்றாள்.

"பலகையை மாத்துங்க தம்பி" என்றேன்.

இரண்டு இஞ்ச் பலகை. கைப்பிடியைப் பிடித்தாள், பல்லைக் கடித்தாள், ஏறி உட்கார்ந்துவிட்டாள். மெக்கானிக் எட்டிப் பார்த்து, "சாம்பிள் ஓகேங்களாக்கா?" என்றார்.

"ஓகே தம்பி. உங்கண்ணன் பின்னால வந்து இன்னும் கொஞ்சம்னா காதுல வாங்காதீங்க."

வேலை முடிந்த வாரமே தோட்டத்துக்குப் போனோம். மேட்டின் மேல் மெதுவாக ஏறி இறங்கினேன். அடியில் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி நிற்கவில்லை.

"உரசுச்சுங்களா?" என்றாள்.

"லேசா."

"லேசாத்தானுங்களே? உரசட்டும், போங்க. மாடு கத்துது."