காய் வடித்த தண்ணீர்

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் முழு உண்மையைச் சொல்கிற மனிதரை நான் இன்றுவரை சந்தித்ததில்லை. சர்க்கரை நோயாளி இரண்டே இட்லி என்பார், பக்கத்தில் நிற்கும் மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். உணவியல் படிப்பின் கடைசி ஆண்டில் என்னைத் திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு வேலையே இந்தக் கேள்வியைக் கேட்பதுதான். காலையில் எழுந்தது முதல் படுக்கும் வரை வாயில் போட்டதை எல்லாம் நோயாளியின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். எனக்கோ பொறுமை கிடையாது. போலீஸ்காரி மாதிரிக் கேட்காதே என்று எங்களை மேற்பார்வை செய்த மேடம் தலையில் அடித்துக்கொள்வார்.

டயாலிசிஸ் பிரிவில் ஒருவர் எனக்குச் 'சோத்து டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தார். நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். சிறுநீரகம் கெட்டு வேலையை விட்டிருந்தார். இடது கையில் ஊசி குத்தி, ரத்தம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கும்போதும் அவருக்குக் கேலி குறையாது. "சோத்து டாக்டர் வந்தாச்சு, எல்லாரும் வாயைத் துடைச்சுக்குங்க" என்று அடுத்த கட்டில்காரர்களை எச்சரிப்பார். கோபமாக இருக்க முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன்.

அவருடைய பொட்டாசியம்தான் எங்களுக்குத் தலைவலி. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் உடம்பிலிருந்து அது வெளியே போகாது. காய், கீரை, பழம், இளநீர் என்று நல்லதென்று நாம் நினைக்கிற எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அளவு மீறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அதனால் காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் பொரியல் செய்யச் சொல்வோம். அவர் மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். தைத்து வருகிற உருப்படிகளில் ஓட்டையும் கறையும் தேடிப் பிரிக்கிற கண் அவருக்கு. நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

"தண்ணிய வடிச்சர்றீங்களா?"

"வடிச்சர்றனுங்க கண்ணு. நீ சொன்னாப்பல ஒவ்வொரு நாளும் வடிச்சர்றேன்."

ஆனாலும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் அளவு ஏறிக்கொண்டே போனது. சரியாகக் கேட்டாயா என்று மேடம் என்னைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம். ரகசியமாக இளநீர் குடிக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு அவரிடமே போய் நின்றேன். "இளநியக் கண்ணுல பார்த்தே ஆறு மாசமாச்சு கண்ணு" என்று சிரித்தார். நான் நம்பவில்லை.

ஒரு மதியம் அவர் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். கட்டில் ஓரத்தில் டிபன் கேரியர் பிரித்திருந்தது. அடித் தூக்கில் ரசம். புளி ரசத்தின் நிறம் இல்லை. கலங்கலாக, லேசான பச்சையாக இருந்தது. மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்ட வாசனை எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது போலவே இருந்தது. எங்கள் பக்கத்தில் கொள்ளோ தட்டைப்பயறோ வேகவைத்தால் தண்ணீரைத் தனியாக இறுத்து ரசம் வைத்துவிட்டு, வெந்ததைக் கடைந்துகொள்வோம். வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றுகிற பெண்ணை எங்கள் அம்மா வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள். 

"இது எதுல வெச்ச ரசமுங்க?"

"காய் வடிச்ச தண்ணிதான் கண்ணு. எனக்குன்னு சத்து வீணாகாம வெக்கறா. வேளைக்கு ரெண்டு டம்ளர்."

வடிக்கிறீர்களா என்று நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். வடித்ததை என்ன செய்கிறீர்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் விளக்கி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். முதல் முறையாக அந்த முகத்தில் கேலி இல்லை.

"அவகிட்டச் சொல்லீராத கண்ணு. சொன்னா அவ தாங்க மாட்டா, அப்பறம் அடுப்புப் பக்கமே போக மாட்டா. நான் பக்குவமாச் சொல்லிக்கறேன்."

உடனே மேடத்தை அழைத்து வந்தேன். மேடம் ஒன்றையும் மறைக்கவில்லை. இனி ஒரு டம்ளர் குடித்தாலும் உயிருக்கு ஆபத்து என்று நேராகவே சொன்னார். கட்டிங் மாஸ்டர் ஊசி இல்லாத கையை நெஞ்சில் வைத்து, என்னைப் பார்த்து, "நான் பார்த்துக்கறனுங்க" என்றார். தெளிந்த புத்தியுள்ள மனிதர், தானே சொல்கிறேன் என்கிறார், அடுத்த பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேடம். அடுத்த பரிசோதனைக்கு அவர் வரவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று செவிலியர் வந்து சொன்னார்.

ரசத்தை நிறுத்தியிருப்பார், ஏற்கெனவே ஏறியிருந்த அளவு முந்திக்கொண்டது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அன்று மதியமே அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். எனக்கு மட்டும் அந்த மூலையில் மிளகு வாசனை போகவே இல்லை. ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையிலிருந்து அது எழும்பி வந்தது. விடுதியில் ரசம் பரிமாறினால் எழுந்து போய்விடுவேன். மற்ற நோயாளிகளிடம் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள் என்று சொல்லும்போதெல்லாம் யாரோ சோத்து டாக்டர் என்று கூப்பிட்டது போலிருக்கும். இரண்டு முறை நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி ஒருநாள் வந்தார். வாங்கி வைத்த ஊசி மருந்து மீந்துவிட்டது, இல்லாதவர்கள் யாருக்காவது ஆகட்டும் என்று கொண்டு வந்திருந்தார். பிரிவுக்கு வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பதை வாசலிலிருந்து பார்த்தேன். பக்கத்தில் ஓர் இளம்பெண் அழுதுகொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், அவள் கணவனுக்கு அப்போதுதான் டயாலிசிஸ் தொடங்கியிருந்தது.

"ஒரு வாய் சோறு உள்ள எறங்க மாட்டேங்குக்கா. நான் என்னத்தச் செய்ய?"

"அழுகாத கண்ணு. ரசம் வெச்சுக் குடு. காய் வடிக்கற தண்ணிய மட்டும் கொட்டீராத, அதுலயே வெய்யி. எங்க ஊட்டுக்காரரு கடைசி வாரத்துல வேற எதையுமே தொடல. அந்த ரசத்தை மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. அதையாச்சும் மனசாரக் குடுத்தனேன்னுதான் நான் உசுரோட இருக்கறேன்."

 அந்த மனிதர் ரசத்தை நிறுத்தவே இல்லை. எல்லாம் தெரிந்த பிறகும் கேட்டு வாங்கியிருக்கிறார். வேண்டாம் என்றால் ஏன் என்று மனைவி கேட்பார் என்பதாலா? இல்லை, ஊசிக்கும் இயந்திரத்துக்கும் கையை நீட்டி நீட்டி அலுத்துப் போனதாலா? இதை நான் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். பதில் சொல்ல வேண்டியவர் அன்று நெஞ்சில் கை வைத்து என்னைப் பார்த்தது மட்டும் கண்ணை விட்டு அகலவில்லை. அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

"எவ்வளவு நேரம் வேக வைக்கணும்க்கா?" என்று இளம்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம், பிறகு அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. "வேண்டாங்க, அந்தத் தண்ணி ஆகாது" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். காயிலிருக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரில்தான் இறங்கும், இந்த நோய்க்காரர்கள் அதைக் குடித்தால் இதயம் நின்றுவிடும் என்று இளம்பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்துச் சொன்னேன். அவள் பயந்து தலையாட்டினாள். உள்ளேயிருந்து செவிலியர் கூப்பிடவும் எழுந்து ஓடினாள்.

பெஞ்சருகே நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவர் மருந்துப் பையின் காதைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அழுவார், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அவருக்கு இது தெரியுமா கண்ணு?"

"தெரியாதுங்கம்மா."

அவர் பையைச் சுருட்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

"அதானே. தெரிஞ்சிருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பாரு. கட்டிக்கிட்ட நாள்லிருந்து எங்கிட்ட ஒண்ணையும் மறைச்சதில்ல கண்ணு, அந்த மனுசன்."

"ஆமாங்கம்மா" என்றேன்.