உப்புப் பார்க்காத ஐயாத்துரை

"உப்புக் காணுமோ எண்டு நான் ஒருத்தரையும் கேட்டதில்லை. இனிக் கேக்கப்போறதும் இல்லை. கடவுள் எனக்கு இந்த மூக்கைத் தந்தது சும்மா மூச்சு விடவோ?"

வட்டக்கச்சிப் பக்கத்து அம்மன் கோயிலொன்றின் அன்னதானப் பந்தலில், கொதிக்கிற கிடாரத்துக்கு முன்னால் நின்று சமையற்காரர் ஐயாத்துரை வெளியிட்ட பிரகடனம் இது. மறுத்துப் பேச அங்கே ஆள் இல்லை. அம்மனுக்குப் படைக்க முன் சோறு கறியை ஒருவரும் வாயில் வைக்கக்கூடாது. ஆகவே உப்புப் போதுமா என்று பார்க்க நாக்குக்கு அனுமதி கிடையாது, மூக்குக்கு உண்டு. ஐயாத்துரை ஆவியில் முகத்தை நீட்டுவார், கண்ணை மூடுவார், ஒரு கை உப்பை வீசுவார். நீதவான் தீர்ப்புச் சொல்வதுபோல இருக்கும். மேன்முறையீடு இல்லை. அந்தத் தீர்ப்பு ஒருநாளும் பிழைத்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மூக்கு ஏ9 வீதியில் போனது. பரந்தனைத் தாண்டி, மைமல் பொழுதின் அரையிருட்டில், வீதியை வீடாக நினைத்துப் படுத்திருந்த ஒரு மாடு. மாட்டுக்கு ஒன்றுமில்லை. ஹெல்மெட்டுக்கும் ஒன்றுமில்லை, அது வழக்கம்போல மோட்டார் சைக்கிளின் கைபிடியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் நெற்றியே வாங்கிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் மண்டையைத் திறந்து, உறைந்த இரத்தத்தை எடுத்து, தைத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தவரை ஊர் பரிசோதித்தது. கை ஆடியது. கால் நடந்தது. பெயரைக் கேட்டால் பெயரைச் சொன்னார். "ஆள் பழையபடிதான்" என்று ஊர் சான்றிதழ் வழங்கி, அடுத்த திருவிழாவுக்கே கிடாரத்தையும் ஒப்படைத்தது. மணத்தைக் கொண்டுபோகிற நரம்பு அறுந்துவிட்டதும், இப்போது செய்ததை இப்போதே மறக்கும் வியாதி வந்து குடியேறியதும் ஊருக்குத் தெரியாது. ஐயாத்துரைக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆவியில் முகத்தை நீட்டினார், கண்ணை மூடினார், உப்பை வீசினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் நீட்டினார், மூடினார், வீசினார். அதற்குப் பிறகும்.

அம்மன் முதலில் சாப்பிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. அம்மன் சொல்லாததை அடியார்கள் சொல்லலாமா? படைத்ததைக் குறை சொன்னால் குற்றம்; இலையில் மிச்சம் விட்டால் பெரிய குற்றம். ஊர் கண்ணீர் மல்க அந்தச் சாம்பாரை விழுங்கியது. அடியார்களின் பக்தியைப் பார்த்து ஐயாத்துரைக்கே நெஞ்சு நிறைந்தது.

"எப்பிடி?" என்று கேட்டார்.

"அண்ணை, உங்கடை கையல்லோ!"

கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்த ஐயாத்துரையிடம் கிடாரம் முடிந்துவிட்டது என்றார்கள். பெருமையோடு பட்டினி கிடந்தார். அடுத்த திருவிழாவுக்குக் கிடாரம் வேறொருவர் கைக்குப் போனது. காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை. மரியாதை தடுத்தது.

காரணம் சொல்லப்படாத மனிதர் காரணத்தைத் தேடினார். அது வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. மனைவி சிவலட்சுமிதான் ஊரெல்லாம் தன்னைப்பற்றிக் கதை கட்டினவள். அவள் சமையலிலும் இப்போது ருசி இல்லை, வேண்டுமென்றே செய்கிறாள். முன்பு அதட்டிக்கூடப் பேசாத மனிதர் இப்போது அகப்பையால் பேசினார். பிறகு ஒரு மத்தியானம், அப்பளம் பொரிக்கவென்று எண்ணெய்த் தாச்சியை அடுப்பில் வைத்துவிட்டுப் வாசல் படலையடியில் போய்க் கதைத்துக்கொண்டு நின்றார். கருகல் மணம் அவரை எட்டவில்லை. குசினிக் கூரையில் நெருப்புப் பிடித்தது. அணைக்கப்போன சிவலட்சுமியின் இடக்கை முழங்கை வரை வெந்தது.

நெருப்பு வைத்தவள் அவள்தான் என்று, பார்க்க வந்தவர்களுக்கு ஐயாத்துரை விளக்கினார். மிகத் தெளிவான விளக்கம். அதில் பொய்யே இல்லை. அவர் அதை நம்பினார்.

மல்லாவியிலிருந்து அவள் தம்பி விஜிதரன் வந்தான்.

"அக்கா, உடுப்பை எடு. இன்னொருக்கா எரிஞ்சா உன்னைப் பெட்டியிலைதான் கொண்டுபோகோணும்."

"தான்தான் எரிச்சது எண்டு அந்தாளுக்குத் தெரிஞ்சால் காணுமடா, பிறகு கவனமா இருப்பார். பொங்கல் வரைக்கும் பாப்பம். தெரியாட்டி வாறன்."

தெரியவைக்கும் பொறுப்பு நேசமலரிடம் வந்தது. மூளையில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் அவள் உளவளத்துணையாளர்.

"எனக்கென்ன விசரோ?" என்று, அங்கே கூட்டிவரப்பட்ட ஐயாத்துரை அவளை வரவேற்றார்.

"இல்லை ஐயா. இஞ்ச வாற சனத்துக்கு ஒருநேரம் சமைச்சுக் குடுக்க ஆளில்லை. அதுதான்."

அன்றே அடுப்பு மூட்டினார். மூன்று தரம் உப்புப் போட்டார். நேசமலர் தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பிட உட்கார்ந்தவர்களில் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த மீனவர் மரியநாயகமும் ஒருவர். படகில் விழுந்து தலை அடிபட்ட நாள்முதல் அவருடைய நாக்குக்குக் கடிவாளம் இல்லை. பங்குத்தந்தையிடமே, "ஃபாதர், பிரசங்கம் அறுவை" என்று பூசை நடுவில் சொன்னவர். நினைத்ததையெல்லாம் சொல்லாதிருக்க அவரைப் பழக்குவதுதான் அங்கே அவருக்கு நடந்த சிகிச்சை. நல்லகாலம், அது இன்னும் பலிக்கவில்லை.

ஒரு வாய் வைத்தார். "அண்ணை, இது குழம்பில்லை, கடல். நான் கடலிலை கிடக்கிற ஆள், எனக்குத் தெரியாதே? ரெண்டு நெத்தலியை விடுங்கோ, நீந்தும்."

ஐயாத்துரை அகப்பையை ஓங்கினார். மரியநாயகம் அசையவில்லை, பயமும் கடிவாளத்தோடு போயிருந்தது.

"அடிச்சாலும் உப்புக் குறையாதண்ணை."

"ஐயா, இது சாமிக்குப் படைக்கிறதில்லைத்தானே," என்று நேசமலர் இடையில் வந்தாள். "நீங்களே ஒருக்கா வாயிலை வைச்சுப் பாருங்கோ."

வைத்தார். நாக்கு விபத்தில் பிழைத்திருந்தது. இதுவரை அதற்கு வேலை கொடுப்பார் இல்லை, அவ்வளவுதான். துப்பவில்லை. விழுங்கிவிட்டு இன்னொரு வாய் வைத்தார்.

"ஆர் இவ்வளவு உப்பைப் போட்டது?"

"நீங்கள்தான் ஐயா. திரும்பத் திரும்பப் போட்டனீங்கள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

பொய் என்று கத்த வாயெடுத்தவர், அதை மென்று விழுங்கினார். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப... குசினி?" என்றார்.

"அதை என்னட்டைக் கேக்கக்கூடாது ஐயா. வீட்டிலை கேளுங்கோ."

வீட்டில் கேட்கவில்லை. சவரம் செய்யவில்லை, சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தார். "உண்மையைச் சொல்லி மனுசனைச் சாக்காட்டிப்போட்டினம்" என்று, பொய் சொல்லியே அவரைக் காப்பாற்றி வந்த ஊர் மிகவும் வருந்தியது. நேசமலர் வீடு தேடி வந்தாள். உப்புப் போட்டதும் அதற்கு அடையாளமாக ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கப் பழக்கினாள். சில நாள் உப்பை மறந்தார். சில நாள் சிரட்டையை மறந்தார்.

"மணம் திரும்பி வருமோ பிள்ளை?"

"வராது ஐயா," என்றாள் அவள். ஆறுதல் சொல்லத் தெரியாத உத்தியோகத்தர்.

பொங்கலுக்கு முதல்நாள் சிவலட்சுமி அறைக்குள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். விஜிதரன் புறப்பட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தான். தகரம் போட்ட குசினியிலிருந்து ஐயாத்துரை அகப்பையோடு வந்தார். அதைக் கண்டதும் அவளுடைய இடக்கை தானாகவே எழும்பி முகத்துக்குக் குறுக்கே வந்தது.

அவர் நின்றுவிட்டார். விரலிலிருந்து முழங்கை வரை, சுருங்கிப்போன அந்தத் தோலைப் பார்த்தார்.

"அண்டைக்கு எண்ணெயை வைச்சது நான்தானே?"

"ஓம்."

அகப்பையைத் தாழ்த்தி, சிந்தாமல் மற்றக் கையை அடியில் ஏந்தி, அவள் பக்கம் நீட்டினார்.

"சிரட்டை கவிண்டுதான் கிடக்கு. எப்ப கவிட்டனான் எண்டு தெரியேல்லை. இஞ்சரும், உப்புக் காணுமோ எண்டு ஒருக்காப் பாரும்."