வெள்ளைப் பாஸ்தாவின் மிச்சம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வவுனியாவில் ஓர் இத்தாலியன் ரெஸ்ரோரண்டுக்குப் போனேன். ஆம், நான்தான்! ஸ்கந்தபுரத்தில் மண்வெட்டி பிடித்த கை, அன்றைக்கு முள்ளுக்கரண்டி பிடித்தது.

சிரிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒரு பழைய லாண்ட்மாஸ்ரர் மெசினோடு உழவுக்கு இறங்கி, இன்றைக்குச் சொந்தமாக அரிசி மில் வைத்திருக்கிறேன். நெல்லை ஒரு பிடி அள்ளினாலே ஈரம் சொல்வேன். இந்தப் பத்தியைக்கூட நானேதான் எழுதுகிறேன் – எழுத்துப் பிழை பார்ப்பது மட்டும் ஆசிரியரின் பாடு. இப்படிப்பட்டவனுக்கு ஒரு மெனு கார்ட் பெரிய விஷயமா?

விஷயம் மெனு கார்ட் அல்ல. என் மனைவி பூமணிக்குச் சீனி வருத்தம். மாதா மாதம் கிளினிக். அந்த வெள்ளிக்கிழமைக்குச் சில நாட்கள் முன்பு போனபோது டொக்டர் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

“அம்மா, அடுத்த முறையும் இப்பிடியே இருந்தா இன்சுலின் ஊசிதான். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.”

இன்சுலின் ஒன்றும் கெட்ட மருந்தல்ல. போட்டுக்கொண்டு நன்றாக நடமாடுகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் பூமணிக்கு ஊசி என்றால் ஆகாது. பதுங்குகுழி வாசலில் அடுப்பு மூட்டிப் பிட்டு அவித்தவள், ஷெல் சத்தத்துக்கு அசையாதவள் – இரத்தம் எடுக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் கையைப் பிடிக்கிற பிடியில் என் விரல் சிவந்துவிடும்.

இதில் எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. அவள் டொக்டர் சொன்னதைத்தான் சாப்பிட்டாள். குரக்கன் பிட்டு, கீரை, சீனி இல்லாத தேத்தண்ணி. பிறகும் ஏன் குறையவில்லை?

“களவா லட்டு கிட்டு தின்னுறீரோ?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். பிறகு வீட்டில் எனக்குப் பதில் சொன்னது வானொலி மட்டும்தான்.

இந்த நேரத்தில்தான் மகள் லதாவின் பிறந்தநாள் வந்தது. வவுனியாவில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். இத்தாலியன் சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்றாள்.

“வெள்ளிக்கிழமை. நான் மச்சம் தொடன்,” என்றாள் பூமணி.

“அங்கை மரக்கறியும் இருக்கம்மா.”

எனக்கு நிம்மதி. மரக்கறி என்றால் உடம்புக்குப் பாரமில்லைதானே? வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி விட்டால் வயிறு ஓய்வெடுக்கிறது என்றுதான் எங்கள் ஆட்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லையா?

ரெஸ்ரோரண்டில் இதைச் சொன்னதும் லதா சிரித்தாள். மெனு கார்டை விரித்து எனக்கு வகுப்பு எடுத்தாள். வெள்ளைச் சோஸ் பாஸ்தா மரக்கறிதான். ஆனால் முழுக்கக் கிறீம், பட்டர், சீஸ். “இறைச்சிக் கறியை விடப் பாரம் அப்பா!” சிவப்புச் சோஸ் என்றால் தக்காளி, அது பரவாயில்லை. மரக்கறி சூப் நல்லது. நெருப்பில் வாட்டிய கத்தரிக்காய், கறிமிளகாய் நல்லது. சலாட் எடுத்தால் எண்ணெயைப் புறம்பாகத் தரச் சொல்ல வேண்டும். பீட்சாவா? மெல்லிய ரொட்டி, நிறைய மரக்கறி, கொஞ்சச் சீஸ்.

நான் ஒரு முறை கேட்டால் போதும், மறக்கமாட்டேன். பூமணிக்கு நானே ஓடர் கொடுத்தேன். சூப், வாட்டிய மரக்கறி, சின்னச் சாப்பாட்டுக் கோப்பையில் சிவப்புப் பாஸ்தா. ஓடர் எடுத்த தம்பி தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டான்.

பிறகு எங்களுக்கு. பெரிய கோப்பையில் வெள்ளைப் பாஸ்தா. சீஸ் பீட்சா இரண்டு. சீஸ் போட்ட, கார்லிக் பிரெட் என்கிற உள்ளிப் பாண்.

“அப்பா, நாங்கள் மூண்டு பேர்தானே!”

“சும்மா இரு பிள்ளை. மில்காரன் பெத்த பிள்ளையின்ரை பிறந்தநாளுக்கு அரைவயித்துக்குக் குடுத்தவனாம் எண்டு சனம் கதைக்கவோ?”

எங்கள் பக்கத்தில் வழக்கம் அதுதான். சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனவன் மேசையை நிரப்ப வேண்டும். கோப்பைகளுக்கு இடையில் மேசைப் பலகை தெரிந்தால் மானம் போயிற்று.

சாப்பாடு வந்தது. பூமணி சூப்பைக் குடித்தாள். வாட்டிய கத்தரிக்காயை ருசித்து, “எங்கடை சுட்ட கத்தரிக்காய்தானே, புளிதான் இல்லை,” என்றாள். தன் கோப்பையைத் துப்புரவாக முடித்தாள். எனக்குப் பெருமை. டொக்டரால் முடியாததை ஐந்தாம் வகுப்புக்காரன் செய்துவிட்டேன் பார்த்தீர்களா?

என் வெள்ளைப் பாஸ்தா பாதியில் நின்றுவிட்டது. திகட்டல். தள்ளி வைத்தேன். லதா முதல் பீட்சாவில் ஒரு துண்டு எடுத்து, அதன் ஓரத்தைக் கடிக்காமல் விட்டிருந்தாள். உள்ளிப் பாணிலும் பாதி.

அப்போதுதான் அந்தக் கை வந்தது.

பூமணி என் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். அந்தப் பீட்சா ஓரத்தை அதற்குள் போட்டாள். பாணையும் போட்டாள். சாப்பிடத் தொடங்கினாள். ஆசையாகச் சாப்பிட்டிருந்தால்கூட எனக்கு விளங்கியிருக்கும். ஆனால் அவள் முகத்தில் ஆசை இல்லை. முற்றம் கூட்டும்போது இருக்கிற முகம் அது... வேலை முடிக்கிற முகம்.

“என்னப்பா செய்யிறீர்?”

“ஏன், எறியிறதே?”

“அது முழுக்கக் கிறீம்! லதா சொன்னதைக் கேட்டனீர்தானே?”

“வீட்டிலையும் இப்பிடித்தானே,” என்றாள் சாதாரணமாக. “நீங்கள் விடுற சோறு, சட்டியிலை கிடக்கிற பிட்டு... இவ்வளவு காலமும் ஆர் திண்டது எண்டு நினைச்சியள்?”

“டொக்டரிட்டைச் சொல்லேல்லையோ?”

“நான் என்ன சாப்பிடுறன் எண்டுதானே அவர் கேட்டவர். மிச்சத்தை அவர் கேக்கேல்லை.”

என்னை மடக்கிவிட்டாள். என்னை! சந்தையில் நாலு வியாபாரிகளை ஒரே நேரத்தில் கதைத்து மடக்குகிறவனை.

யோசித்துப் பார்த்தேன். வீட்டில் அவள் பரிமாறுவாள், நான் சாப்பிடுவேன், கை கழுவிக்கொண்டு மில்லுக்குப் போய்விடுவேன். அவள் பிறகு குசினிக்குள் சாப்பிடுவாள். கலியாணம் கட்டிய காலம் தொட்டு அப்படித்தான். அவள் சாப்பிட்டு முடிப்பதை நான் முழுதாகப் பார்த்தது அந்த இத்தாலியன் மேசையில்தான்.

இன்னொன்றும் உண்டு. எனக்குச் சோறு குவியலாகப் போட வேண்டும். குறைத்துப் போட்டால் கோபம் வரும். அந்தக் குவியலை முடிக்க இந்த வயதில் எனக்கு வயிறு இல்லை. யுத்தக் காலத்தில் ஓர் அகப்பைக் கஞ்சிக்குச் சட்டியோடு வரிசையில் நின்றவள், அந்த மிச்சத்தை எங்கே கொட்டுவாள்?

கோப்பையின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். மறுபக்கத்தை அவள் விடவில்லை.

“ரெண்டு பேரும் விடுங்கோ, சனம் பாக்குது!” என்று லதா பல்லைக் கடித்தாள்.

இழுத்தெடுத்து நானே சாப்பிட்டேன். ஆறிப்போன வெள்ளைச் சோஸ், நோட்டீஸ் ஒட்டுகிற பசை மாதிரி இருந்தது. விழுங்கிக்கொண்டே ஓடர் எடுத்த தம்பியைக் கூப்பிட்டேன்.

“தம்பி, ரெண்டாவது பீட்சா போட்டாச்சோ?”

“இன்னும் இல்லை ஐயா. இப்ப வைக்கப் போயினம்.”

“நிப்பாட்டச் சொல்லும்.”

சொன்ன சொல்லை மாற்றாதவன் என்று எனக்கு ஊரில் பெயர். நெல்லுக்கு ஒரு விலை சொன்னால் சொன்னதுதான். அப்படிப்பட்டவன், கொடுத்த ஓடரை வாய் திறந்து நிறுத்தினேன். பூமணி என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கை படாத பீட்சாத் துண்டுகளைப் பெட்டியில் கட்டி, மில் காவலாளிக்குக் கொண்டுபோனோம். எறியவில்லை என்றதும் அவளுக்கு முகம் தெளிந்தது.

வெளியே சாப்பிடும்போது எதை எடுக்கலாம் என்று சொல்ல இன்றைக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெள்ளை வேண்டாம், சிவப்பு எடு. பொரித்தது வேண்டாம், வாட்டியது எடு. எல்லாம் சரிதான். ஆனால் நீங்கள் எடுப்பதை முடிக்கப் போவது யார்? அதை மெனு கார்டில் எழுதமாட்டார்கள். நான் பெருமைக்காகக் கொடுத்த ஓடர், என் வயிற்றைத் தாண்டி அவள் இரத்தத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

இப்போது வீட்டில் இரண்டு கோப்பையையும் ஒன்றாக வைத்துத்தான் சாப்பிடுகிறோம். எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உலை வைக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். முதல் கிழமை குவியல் இல்லாத கோப்பையைப் பார்க்க எனக்கே என்மேல் இரக்கமாக இருந்தது. ஆனால் சட்டி காலி.

இந்தச் செவ்வாய்க்கிழமை கிளினிக். இரத்தம் எடுக்கும்போது வழக்கம்போல என் விரல் சிவந்தது. டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், பூமணியைப் பார்த்தார். குறைந்திருக்கிறதாம். ஊசியை இப்போதைக்கு யோசிக்கத் தேவையில்லையாம்.

“நல்லம். சாப்பாட்டிலை என்னம்மா மாத்தினீங்கள்?”

பூமணி என் பக்கம் கையைக் காட்டினாள்.

“என்ரை சாப்பாட்டிலை ஒண்டும் மாத்தேல்லை டொக்டர். இவரின்ரை கோப்பையைத்தான் மாத்தினது.”

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன இருந்தாலும் என்னுடைய கோப்பை அல்லவா!