சாமான் அறையின் மூன்று சாட்சிகள்

எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. பாடம்தான் பெயர். நான் கணக்கு. பக்கத்து நாற்காலியில் பதினைந்து வருஷமாக உட்கார்ந்து என் உயிரை வாங்குகிறவர் சரித்திரம். அவரைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிடலாம்: பிழைக்கத் தெரியாத மனுஷர். அந்த வரிக்கு என்ன ஆதாரம் என்று அவரே வந்து கேட்பார் என்பதால் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

ஆதாரம் கேட்பது அவருக்கு ஒரு வியாதி. இன்றைக்கு மழை வரும் என்றால் யார் சொன்னது என்பார். ரேடியோவில் சொன்னார்கள் என்றால் அவர்களுக்கு யார் சொன்னது என்பார். அவர் மனைவி தையல் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் ரவிக்கை வாங்கப் போனபோது, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே என்னிடம் புலம்பினார். "பால் திரிஞ்சுபோச்சுன்னு சொன்னா, நீயே பாத்தியா, இல்ல வாசனையை வெச்சு சொல்றியான்னு கேக்கறாரு டீச்சர். இவரோட குடும்பம் நடத்தறதுக்கு தினம் கோர்ட்டுக்குப் போய் சாட்சி சொல்லலாம்."

மற்ற பிரிவுகளில் சரித்திரம் எடுக்கிறவர்கள் கேள்வியையும் பதிலையும் சொல்லி எழுதவைப்பார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்கும். இவர் நோட்ஸ் தரமாட்டார். ஒரே வேலைநிறுத்தத்தைப் பற்றி இரண்டு பத்திரிகைகள் எழுதியதை நகல் எடுத்துக் கொடுத்து, எது எங்கே பொய் சொல்கிறது, ஏன் சொல்கிறது என்று தேடச் சொல்வார். மார்க் சுமாராகத்தான் வரும். வருஷா வருஷம் தலைமையாசிரியை கூப்பிட்டுக் கிழிப்பார். இவரும் நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு வந்து, பழைய குருடி கதவைத் திறடி என்று அதையே செய்வார். அவருக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் பதவி உயர்வில் போய்விட்டார்கள்.

புதன்கிழமை கடைசி வகுப்பு அவருடைய சொத்து. தேடல் வகுப்பு என்று பெயர் வைத்து, முன்பிருந்த தலைமையாசிரியரிடம் மன்றாடி வாங்கியது. ஒருமுறை இடைவேளையில் இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டார்கள். நாங்கள் ஓடிப்போய் விலக்கினோம். இவர் என்ன செய்தார் தெரியுமா? வேடிக்கை பார்த்த முப்பத்தெட்டுப் பேரையும் உட்காரவைத்து, நடந்ததை எழுதச் சொன்னார். பதினோரு தாளில் சண்டைக்குக் காரணம் பந்து. ஒன்பதில் பென்சில் பெட்டி. நான்கு தாளில், அந்தப் பக்கமே போகாத மூன்றாவது பையன் ஒருவன் அடி வாங்கியிருந்தான். அந்தத் தாள் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாருங்க டீச்சர். பத்து நிமிஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கே இந்த கதி. ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை நாம எவ்வளவு தைரியமா சொல்லிட்டிருக்கோம்."

பையனுக்கு மூக்கில் ரத்தம் ஒழுகுகிறது, நான் பஞ்சு தேடி அலைகிறேன், இவர் தாளை எண்ணிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அந்தத் தேடல் வகுப்பு ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். மைதானத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் போட்டுவைக்கும் சாமான் அறை. பூசாத சுவர். அதில் இடுப்பு உயரத்தில், நாலு பக்கமும் சுற்றி ஒரு செம்மண் நிறக் கோடு. "இருபத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்த பெருவெள்ளம் இதுவரைக்கும் நின்னுது" என்று அதைத் தடவிக் காட்டுவார். பிறகு பள்ளி ஆண்டுமலரை விரித்து, அதே உயரம் அச்சில் இருப்பதைக் காட்டுவார். பிறகு காவல்காரரைக் கூப்பிடுவார். அவர் அங்கேயே நீந்தியவர் மாதிரி இடுப்பைத் தொட்டுக் காட்டி, "இந்த அளவு தண்ணி" என்பார். அதன்பின் சரித்திரம் கரும்பலகையில் எழுதுவார்: சுவர், மலர், காவல்காரர். "ஒருத்தர் சொன்னா அது சேதி. மூணு பேர், ஒருத்தரை ஒருத்தர் கேக்காம, ஒரே மாதிரி சொன்னா அதுதான் ஆதாரம்." பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

இந்த வருஷம் கணக்கில் என் பிள்ளைகள் நிறையப் பேர் தேறவில்லை. எனக்கு வாரம் ஒரு வகுப்பு கூடுதலாக வேண்டும் என்று கேட்டேன். கேட்டது நான்தான், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. எங்கே இடம் இருக்கிறது என்று தலைமையாசிரியை கால அட்டவணையைப் பார்த்தார். புதன் கடைசி வகுப்பில் விரலை வைத்தார்.

"அடுத்த புதன்கிழமை கல்வி ஆபீசர் ஸ்கூலைப் பாக்க வர்றாரு. அந்த வகுப்புல அவரை உட்காரவைக்கறேன். அவருக்குத் திருப்தின்னா இருக்கட்டும். இல்லேன்னா கணக்குக்குக் குடுத்துடலாம்" என்று எங்கள் இரண்டு பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் சரித்திரம் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த ஒண்ணும் போச்சுன்னா நான் இங்க வெறுமனே புத்தகத்தை வாசிச்சுக் காட்டற ஆள் டீச்சர்" என்றார். என்மேல் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதுகூடச் செய்யவில்லை.

ஆபீசருக்குக் காட்ட அவர் தேர்ந்தெடுத்தது சாமான் அறையைத்தான். தோற்காத பாடம் அது. இந்தமுறை பிள்ளைகளே மூன்று சாட்சிகளையும் விசாரித்து வந்து சொல்ல வேண்டும் என்று, ஒரு வாரம் முன்னாலேயே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

திங்கட்கிழமை கொத்தனார் மகள் என்னிடம் வந்தாள். வகுப்பில் மூன்றாவது பெஞ்ச், அதிகம் பேசாத பெண். கையில் ஆண்டுமலர்.

"டீச்சர், வெள்ளத்தைப் பத்தி இதுல வந்திருக்கே, எழுதினவங்க பேர் போடல. யாரு எழுதினதுன்னு ஆபீஸ்ல கேட்டேன். நீங்கதான்னு சொன்னாங்க."

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின சங்கதி. அந்த வருஷம் மலர் தயாரிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். அச்சுக்குப் போகிற நாளில் அரைப் பக்கம் காலியாகக் கிடந்தது. எதையாவது போட்டு நிரப்ப வேண்டும்.

"ஆமா, நான்தான்" என்றேன்.

"நீங்க வெள்ளத்தைப் பாத்தீங்களா டீச்சர்?"

"நான் அப்போ இந்த ஊர்லயே இல்லம்மா."

"அப்போ யாரு சொல்லி எழுதினீங்க?"

"உங்க சார்தான் சொன்னாரு."

அவள் எழுதிக்கொண்டாள். காவல்காரர் வேலைக்குச் சேர்ந்து எத்தனை வருஷம் என்று கேட்டாள். பத்து வருஷம் என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது. வெள்ளம் வடிந்து பல வருஷம் கழித்து வந்த மனுஷர். வருஷா வருஷம் சரித்திரத்தின் பாடத்தைக் கேட்டுக் கேட்டே அவருக்கு இடுப்பளவு மனப்பாடம் ஆகியிருக்கிறது.

மறுநாள் சரித்திரத்தைத் தனியே பிடித்தேன். "சார், அந்தக் கொத்தனார் பொண்ணு எதையோ தோண்டிக்கிட்டிருக்கா. நாளைக்கு ஒருநாள் மட்டும் அவளைப் பேச விடாதீங்க. ஆபீசர் போனப்புறம் எதை வேணா பேசட்டும்."

"தோண்டறாளா?" என்று அவர் முகம் மலர்ந்தது. "தோண்டட்டும் டீச்சர். அதுக்குத்தானே இந்த வகுப்பு."

தலையில் அடித்துக்கொண்டேன். என்ன தோண்டுகிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த அரைப் பக்கத்தை எழுதியது நான் என்பதால் வாய் வரவில்லை.

புதன்கிழமை ஆபீசர் வந்தார். மூத்த ஆசிரியை என்பதால் தலைமையாசிரியை என்னை அவர் கூட அனுப்பினார். சாமான் அறையில் பெஞ்சுகளை ஒதுக்கிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மலர், காவல்காரர் என்று இரண்டு குழுக்கள் சொல்லி முடித்தன. ஆபீசர் தலையை ஆட்டினார். மூன்றாவதாகச் சுவர். கொத்தனார் மகள் எழுந்தாள்.

"சார், இந்தச் சுவர் வெள்ளம் வந்தப்போ இல்ல. அதுக்கு அடுத்த வருஷம்தான் கட்டினாங்க. எங்கப்பா அப்போ இங்க சித்தாளா வேலை செஞ்சிருக்காரு. நான் அப்பா சொன்னதை மட்டும் நம்பல. ஆபீஸ்ல கட்டட ஃபைல் கேட்டேன். வேலை முடிஞ்ச தேதி இருக்கு." தாளை நீட்டினாள். "இந்தக் கோடு மட்டம் பாக்கறதுக்காக, செம்பொடியில நூலைத் தோய்ச்சு அடிச்சது. பூசியிருந்தா மறைஞ்சிருக்கும். சாமான் அறைன்னு பூசாம விட்டுட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "மலர்ல இருக்கறது நீங்க சொன்னது. காவல்கார அண்ணன் சொல்றதும் உங்ககிட்ட கேட்டது. மூணும் நீங்கதான் சார்."

சரித்திரம் தாளை வாங்கித் தேதியைப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு ஒரு குட்டி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதினைந்து வருஷமாக எல்லாரையும் குடைந்த மனுஷர், தான் கண்ணால் பார்த்த ஒரு கோட்டை மட்டும் குடையவே இல்லை.

ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். உன்னைச் சோதிக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒரு பொய் போதும்.

"இந்த ஊருக்கு வந்த புதுசுல கோட்டைப் பாத்தேன்" என்றார். "வெள்ளம் வந்த கதை முன்னாடியே கேள்விப்பட்டிருந்தேன். ரெண்டையும் நானே முடிச்சுப் போட்டுட்டேன். யாரையும் கேக்கல. தப்பு என்னோடதுதான்மா." எழுந்து, சுவரோரம் சாய்த்திருந்த கரும்பலகைக்குப் போய், எழுதிவைத்திருந்த மூன்று சாட்சிகளின் பெயரையும் அடித்தார். "சரி. இப்போ நமக்கு என்ன தெரியும்?"

"வெள்ளம் வந்தது தெரியும்" என்றது ஒரு குரல்.

"பள்ளிக்கூடத்துக்குள்ள எவ்வளவு வந்தது?"

"தெரியாது சார்."

"யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். அந்த வருஷத்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் எத்தனை நாள் பள்ளி மூடியிருந்தது என்று தெரியும் என்றான் ஒருவன். தபால் நிலையம் பக்கத்துக் கட்டடம், அது பழசு என்றாள் ஒருத்தி. என் பதினேழு வருஷ வேலையில் ஒரு வகுப்பு அப்படிக் கொதித்து நான் பார்த்ததில்லை. என் வகுப்பில் நிச்சயமாகப் பார்த்ததில்லை.

ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசல் பக்கம் நின்ற என்னிடம் குனிந்து, "என்ன டீச்சர் இது? இத்தனை வருஷமா தப்பாவே சொல்லிக் குடுத்திருக்காரு. இவருக்குப் பாடமே தெரியாதா? நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

இதுதான் சார் பாடம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. பாதியில் நிற்கிற என் பாடத்திட்டமும், தேறாத பிள்ளைகளின் பட்டியலும், அட்டவணையில் அந்த ஒரு கட்டமும் கண்முன் வந்து நின்றன. நான் தரையைப் பார்த்தேன். ஆபீசர் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று மாலை சரித்திரம் பழைய பதிவேடுகளைப் பரப்பி, பதினைந்து வருஷத்துப் பிள்ளைகளின் முகவரிகளை எழுதிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் கடிதம் போட்டு, கோடு வெள்ளக் கோடு இல்லை என்று தெரிவிக்கப் போகிறாராம். அறுநூறு பேர். உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டேன். "அறுநூறு பேருக்குப் பொய் சொல்லி அனுப்பியிருக்கேன் டீச்சர்" என்றார். வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை அறிக்கை வந்தது. ஒரே வரி: ஆசிரியருக்கே பாடத்தில் தெளிவில்லை. திங்கட்கிழமை புது அட்டவணை ஒட்டினார்கள். புதன் கடைசி வகுப்பு, கணக்கு.

புதன்கிழமை போனேன். கரும்பலகையில் சமன்பாட்டை எழுதித் திரும்பினால் கொத்தனார் மகள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"டீச்சர், ஆபீசர் எழுதினதாலதான் இது கணக்கா மாறிச்சா?"

"ஆமாம்மா."

"அவர் இருபது நிமிஷம்தான் இருந்தாரு. எங்க யாரையும் ஒண்ணும் கேக்கல. உங்ககிட்ட மட்டும் ஏதோ கேட்டாரு, நான் பாத்தேன். என்ன கேட்டாரு டீச்சர்?"

வகுப்பே என்னைப் பார்த்தது. உட்காரச் சொல்லி அதட்டியிருக்கலாம். "சாருக்குப் பாடம் தெரியாதான்னு கேட்டாரு" என்றேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. உட்கார்ந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினாள். தேதி போட்டாள். பிறகு எழுந்து வந்து, சரியா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். "ஆபீசர் கணக்கு டீச்சரைக் கேட்டார். டீச்சர் அங்கேதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை."

சரியாகத்தான் எழுதியிருந்தாள்.