ஏழாம் பெட்டி

என் அக்காவுக்கு ஆய்வுக்கூடத்தில் பலகைக்காரி என்று பெயர். சதுப்பில் போட்டிருக்கும் பலகைப் பாதையை விட்டு யாராவது காலை இறக்கினால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள். பதினோரு வருடமாக வாரம் இருமுறை போகிறாள். குழாய்க்குள் டேப்பை விட்டு நீர்மட்டம் பார்ப்பாள். தரைமேல் பெட்டியைக் கவிழ்த்து மீத்தேன் அளப்பாள். அந்த இரண்டு நாள்தான் அவளுக்கு நாள்.

மட்கிய பாசி நீரில் மூழ்கிக் கிடந்தால், காற்றுப் படாத அடியில் ஒருவகை நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். மட்டம் ஒரு சாண் இறங்கினால், மேலே காற்றுப்பட்ட பாசியில் இன்னொரு வகை அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதற்கும் கீழே போனால் சதுப்பே காய்ந்து மட்கி, கரியமில வாயுவாகப் போய்விடும். அதனால் மதகு வைத்து மட்டத்தைத் தரைக்கு ஒரு சாண் கீழேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பெட்டிக்குப் பக்கத்தில் கால் பட்டால், அடியில் குமிழாக நிற்கும் வாயு பிதுங்கி வந்து அளவைப் பொய்யாக்கும். போன வருடம் அவளுக்கு உதவியாளாகப் போன நான் மிதித்தேன். ஒரு பருவம் முழுக்கப் பலகை ஏறக் கூடாது என்று குப்பி கழுவ அனுப்பிவிட்டாள். கூடப்பிறந்தவன் என்ற இரக்கம்கூட இல்லை. இரண்டு மாதம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஏழாம் பெட்டியில் மீத்தேன் ஒன்பது மடங்கு ஏறியிருந்தது. நீர்மட்டமோ சரியாக ஒரு சாண்.

வியாழக்கிழமை அக்காவின் அளவு நோட்டைப் பார்த்த எங்கள் தலைமை ஆய்வாளர் பதறிவிட்டார். "ஒரு சாண் பத்தல போலிருக்கு. மதகைத் திறந்து இன்னும் இறக்கிடுவோம்," என்று போனை எடுத்தார்.

"திறக்காதீங்க மேடம்," என்றாள் அக்கா. "நான் மிதிச்சிட்டேன்."

"நீங்களா?"

"முட்டி மடங்கிடுச்சு. ஒரு கால் உள்ள போயிடுச்சு. ரெண்டு நாளா சொல்ல வாய் வரல."

"சரி விடுங்க, ஒரு தடவைதானே."

அக்கா விடவில்லை. ஏழாம் பெட்டிக்கு நேரே, 'மிதித்தது நான்' என்று எழுதினாள். பிறகு ரப்பர் பூட்ஸைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"இந்தப் பருவம் நீ போ."

ஒரு வருடமாகக் குத்தல் பேச்சுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. அந்த முட்டியோடு அடுத்த பருவம் அவள் பலகை ஏற மாட்டாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

"நாளைக்கு மறுபடி ஏழாம் பெட்டிய அள," என்றாள், குழாயைத் திறந்து குப்பிகளைக் கழுவ ஆரம்பித்தபடி. "காலைப் பார்த்து வை."