விறைப்பூசியும் என் வாயும்

என் வாய் பொல்லாதது என்று ஊரே சொல்லும். அதில் பாதி இந்த மனிதரோடு குடும்பம் நடத்தி வந்த வினை.

போன வருடம் ஒருநாள் காலை, நிலாவெளிக் கடற்கரையில் நடக்கப் போன என் கணவர், கரைவலை இழுப்பவர்களோடு சேர்ந்து தானும் கயிற்றைப் பிடித்திருக்கிறார். கை கொடுத்தால் கறிக்கு மீன் தருவார்கள். இதயத்தில் அடைப்பெடுத்த பென்சன்காரருக்கு ஏன் இந்த வேலை? கயிறு திடீரென்று வெட்டி இழுத்ததில் வலது தோள்மூட்டு விலகிவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போனபோது கட்டிலில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தார். இடது கையில் சூடை மீன் பை அப்படியே இருந்தது.

எக்ஸ்ரே பார்த்த டொக்டருக்கு எங்கள் மகளின் வயதுதான் இருக்கும். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மயக்கிப்போட்டும் விலகின மூட்டைப் போடலாம், அம்மா. ஆனா ஐயாவின்ர இதயத்துக்கு அது பயம். அதால மூட்டுக்குள்ள மட்டும் விறைப்பூசி போடுறன். நோவு குறையும், ஆள் முழிச்சிருப்பார். தசையை இறுக்கினாரெண்டால் மூட்டு உள்ள போகாது, பிறகு மயக்கத்தான் வேணும். பக்கத்தில இருந்து அன்பாக் கதையுங்கோ."

தோளின் பக்கவாட்டுப் பள்ளத்தில் ஊசி இறங்கியது. மருந்து பிடிக்கும்வரை காத்திருந்தோம். அவர் முகச் சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. டொக்டர் கையைப் பிடித்தார். நான் என் கணவரின் தலையைத் தடவினேன்.

"இஞ்சாருங்கோ, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நீங்கள் தங்கமான மனிசன்."

தோள் கட்டையாக இறுகிப்போனது. டொக்டர் பிடியைத் தளர்த்தினார். என் கணவர் என்னையே பார்த்தார்.

"உண்மையைச் சொல்லும். தனியக் கூப்பிட்டு டொக்டர் என்ன சொன்னவ? நான் தப்பமாட்டனோ?"

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் இவர் தலையை நான் தடவியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதால் இன்னும் இறுகிவிடுவார். வாயைத் திறந்தேன்.

"நாலு சூடைக்குத் தோளைக் குடுத்த ஆளை எமனும் எடுக்கான். கொண்டுபோய் என்ன செய்யிறது? சந்தையில மீனில்லையோ? பென்சன் எடுத்தாலாவது புத்தி வரும் எண்டு பாத்தன், இருந்ததும் போச்சு. இப்ப இந்த மீனை ஆர் வெட்டுறது, நீங்களோ?"

அவர் நீளமாக மூச்சு விட்டார். முகத்தில் சிரிப்புக்கூட வந்தது.

"சூடை மட்டுமில்லை. பாரைக்குட்டியும் கிடக்கு."

நான் விடவில்லை. பாரைக்குட்டிக்கும் சேர்த்து ஏசினேன். டொக்டர் கையை மெல்ல விரித்துத் திருப்பினார். 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"போட்டாச்சு, ஐயா."

"ஓமோ? எனக்குத் தெரியவேயில்லை" என்றார்.

கையைத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டி, ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். மீன் பை என் மடியில் இருந்தது. எனக்கு வாய் எழும்பவில்லை, கண்ணீர்தான் வந்தது. அவர் நல்ல கையால் என்னைத் தட்டினார்.

"ஏதாவது ஏசுமன். எனக்குப் பயமாக் கிடக்கு."